அறுபத்திரண்டாவது துறை

காலனி வாசலில் இசக்கிக்கு வைத்த பிளெக்ஸில் ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது. மாலை போட்ட அவள் படம் இருந்தது. இரண்டு மூலைகளிலும் அப்பாவும் அம்மாவும் கும்பிட்டார்கள். நடுவில் தாய்மாமன் நித்தின் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, விழாவே தனக்குத்தான் என்பதுபோலச் சிரித்தார். கீழே, "________ துறை ஏற்கும் எங்கள் குலவிளக்கை வாழ்த்த வாரீர்" என்று எழுதியிருந்தது. அந்தக் கோடு போட்ட இடம்தான் காலி. துறையின் பெயரைச் சொன்னால் ஒட்டிவிட்டுப் போய்விடுவேன் என்று பிளெக்ஸ்காரர் தினமும் வந்து கேட்டார். இசக்கி சொல்லவில்லை.

மற்ற பிள்ளைகளின் பிளெக்ஸ்களில் இந்தக் குழப்பம் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் முழங்கால் மூட்டு ஏற்கிறான். எதிர்வீட்டுப் பெண் பாலம் ஏற்கிறாள். முழுப் பாலம் அல்ல, தூண் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே சிமெண்டு வளைவில் காலனியின் வேதவாக்கு பொறித்திருந்தது: "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்."

பல மரம் கண்ட தச்சர்கள் அந்தக் காலத்தில் யாரும் மிச்சமில்லை. பதினைந்து வயது நிறையும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்ற மரங்களை மறந்துவிடும். சும்மா மறப்பதில்லை, அதற்கென்று கிரீடம்போல ஒரு கருவி இருந்தது. ஆழ்முடி என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஜனங்கள் கவாத்து என்றார்கள். முருங்கையையும் ரோஜாவையும் கழித்துவிட்டால் தழைக்கிறதே, அந்தக் கணக்குதான். பதின்பருவத்தில் மூளை தனக்கு வேண்டாத இணைப்புகளைத் தானே உதிர்க்கிறது. எதை உதிர்ப்பது என்று நாமே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று எவரோ யோசித்ததில் பிறந்தது அந்த முடி. தலையில் வைத்துப் பட்டையைக் கட்டி ஒரு பகல் படுக்கவைத்தால் போதும். எழுந்திருக்கும்போது தேர்ந்தெடுத்த துறை ஆழமாக வேர்விட்டிருக்கும். எல்லாப் பாடத்தையும் கலந்து சொல்லித்தரும் கலவைப் பள்ளியில் அதுவரை படித்த மற்றதெல்லாம் போயிருக்கும். சமையல், சைக்கிள், சொந்தபந்தம், சண்டை எதுவும் போகாது. பாடங்கள் மட்டும்தான்.

நம் ஜனங்கள் எதையும் சடங்காக்காமல் விடுவார்களா? காதுகுத்துக்கு மடி கொடுத்த தாய்மாமனே முடியின் பட்டையையும் கட்ட வேண்டும் என்று ஆயிற்று. துறைகட்டு என்று பெயர் வைத்துப் பந்தல் போட்டார்கள், சீர்வரிசை கொண்டுவந்தார்கள். கடைசியில் அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. மாமனின் கைரேகை பட்டையில் படாவிட்டால் கருவி ஓடாது. மாமன் இல்லாத பிள்ளைக்கு மாமன் முறைக்கு ஒருவரை அரசாங்கமே அனுப்பிவைக்கும்.

"ஏட்டி, உயிரியல் பிடிக்கும்னியே. அதையே போட்டுருவோமா?" என்றாள் அம்மா வர்ணிகா. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பிடிக்கும்மா. வேதியியலும் பிடிக்கும், வரலாறும் பிடிக்கும். கோவத்துல இருக்கும்போது கணக்குகூடப் பிடிக்கும்."

"எல்லாம் பிடிக்கும்னா ஒண்ணும் பிடிக்கலன்னு அர்த்தம்."

"இல்லம்மா. எல்லாம் பிடிக்கும்னுதான் அர்த்தம்."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பதில் மகளும் அம்மாவும் ஒன்றுதான். இசக்கி என்ற பெயரையே பார். பாட்டன் காலத்துப் பெயர்கள் மறுபடி நாகரிகமாகிவிட்ட சமயத்தில் பிறந்தவள் அவள். பெயரை வைத்தபோது யாரும் அந்த உக்கிரமான சாமியின் குணத்தை யோசித்துப் பார்க்கவில்லை.

வர்ணிகா கீரையைக் கீழே வைத்தாள். "நீ பொறக்கும்போது ஒன் நெஞ்சுல ரெண்டு அறைக்கு நடுவுல ஓட்டை. அதை அடைச்ச டாக்டருக்கு அந்தச் சுவரைத் தவிர உலகத்துல ஒண்ணும் தெரியாது. அந்த ஒரு சுவரு, அவ்வளவுதான். ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்தவருக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வழி தெரியல, நாந்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அவரு ஒன்னை மாதிரி நாலையும் மேஞ்சிருந்தா நீ இன்னைக்கு இங்க நின்னு வாயாட மாட்ட."

அந்த டாக்டரை இசக்கி மனதார வணங்கினாள். காலனியும் அப்படிப்பட்டவர்களால் எழுந்ததுதான். கடல் உள்ளே வந்து கரையோர ஊர்க் கிணறுகள் எல்லாம் உப்பானபின், அப்பா மாதிரி ஆட்கள் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். அம்மா மாதிரி ஆட்கள் கடல்நீரைக் குடிநீராக்கினார்கள். வர்ணிகாவின் துறை நீர்த்தூய்மை. காலனியின் நன்னீராக்கி நிலையத்துக்கு அவள்தான் தலைவி. உலகத்திலேயே மாசு குறைந்த குடிநீர் என்று அவளுக்கு விருது கொடுத்திருந்தார்கள். அது வரவேற்பறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

இதெல்லாம் தெரிந்தும், முடி தலையில் ஏறி, பாண்டியர் துறைமுகமும் பச்சையமும் முக்கோணங்களும் ஒரே பகலில் உதிர்ந்துபோவதை நினைத்தால் அவளால் ஏற்க முடியவில்லை. தன்னில் ஒரு பாதியைச் சாகடிப்பதாகத் தோன்றியது. அதனால் வீட்டில் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தாள். திருநெல்வேலித் துறை மன்றத்தில் விலக்கு கேட்டிருந்தாள். சட்டத்தில் அப்படி ஒரு சந்து உண்டு. எந்த ஒரு துறையாலும் விடை சொல்ல முடியாத கேள்வியைக் கொண்டுவந்து, அதற்கு விடையும் சொல்பவருக்குக் கவாத்து கிடையாது. அப்படி ஒரு கேள்வியே இருக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதப்பட்ட சட்டம். இதுவரை யாரும் அந்தச் சந்துக்குள் நுழைந்ததில்லை.

"அப்பறம் பாரு..." என்று அடுத்த பேச்சைத் தொடங்கிய வர்ணிகா 'அம்மா' என்று கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. அப்பா ஓடிவந்து காலை நீவிவிட்டார். காலனியில் இது எல்லா வீட்டுச் சத்தம்தான். காலனிப் பிடிப்பு என்றே பெயர். தசைத் துறை மருத்துவர் தசையில் பிழையில்லை என்றார், நரம்புத் துறை மருத்துவர் நரம்பில் பிழையில்லை என்றார். பிழையில்லாத காலைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் கத்தினார்கள்.

மறுநாள் காலை மாமா திசையன்விளையிலிருந்து வந்து இறங்கினார். காற்றாலைகளின் இறக்கைதான் அவர் துறை. இறக்கைக்குக் கீழே இருக்கிற கம்பத்தைப் பற்றிக் கேட்டால் கைவிரித்துவிடுவார். சீர்வரிசையாகக் கருப்பட்டி, தன் தோட்டத்து முருங்கைக்கீரை ஒரு கட்டு, ஒரு கேன் கிணற்றுத் தண்ணீர்.

"தண்ணி எதுக்குல?" என்றாள் வர்ணிகா.

"கோவிச்சுக்கிடாத அக்கா. ஒங்க தண்ணியில ருசியே இல்ல. குடிச்சா குடிச்ச மாதிரியே இருக்க மாட்டேங்கு."

"ருசின்னா அழுக்குல. ஒன் தண்ணியக் காய்ச்சினா பானையில வெள்ளையாப் படியும், சோப்பு நுரைக்காது. அதையா குடிக்க?"

"குடிச்சா என்ன? நீயே வருசா வருசம் கோயில் கொடைக்கு வந்து பத்துப் பதினைஞ்சு நாள் இருக்கியே, அந்தத் தண்ணியத்தான குடிக்க? காலு வலி காணாமப் போவுதுன்னு நீதான சொல்லுவ."

"அது பொறந்த வீட்டு மண்ணு. அதுக்கும் தண்ணிக்கும் என்ன?" என்றாள் வர்ணிகா.

இசக்கி மாமாவின் முருங்கைக்கீரையைக் கையில் எடுத்தாள். கருகருவென்று பச்சை. பக்கத்தில் காலனியின் அடுக்குத் தோட்டத்தில் விளைந்த கீரை கிடந்தது. அதில் நரம்புகள் பச்சையாக இருந்தன, நரம்புகளுக்கு நடுவில் மஞ்சள் பூத்திருந்தது. பிறந்தது முதல் அவள் பார்த்த கீரை அப்படித்தான், கீரை என்றால் அதுதான் நிறம் என்றே நினைத்திருந்தாள். கலவைப் பள்ளியில் படித்த ஒன்று எங்கோ அடியிலிருந்து மேலே வந்தது. பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. அது குறைந்தால் முதலில் கீழ் இலைகள் நரம்பிடையில் வெளுக்கும். வேறொரு வகுப்பில், வேறொரு ஆசிரியர், வேறொரு மழைநாளில் சொன்னது: தசை சுருங்கினால் மறுபடி தளர்வதற்கு மெக்னீசியம் வேண்டும்.

அவள் விடைப்பெட்டியின் முன்னால் போய் நின்றாள். கேள்வி கேட்டால் விடை சொல்லும் பெட்டி அது. ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. "காலனிக் கீரை மஞ்சளா இருக்கதுக்கும் காலனிக்காரங்க காலு பிடிக்கதுக்கும் ஒரே காரணம் இருக்குமா?"

"துறையைக் குறிப்பிடவும்" என்றது பெட்டி.

"துறை இல்ல."

"துறையைக் குறிப்பிடவும்."

எந்த ஒரு துறைக்கும் அடங்காத கேள்வி இசக்கிக்குக் கிடைத்துவிட்டது.

துறைகட்டைத் தள்ளிப்போடச் சொல்லி மாமாவிடம் கெஞ்சினாள். "நல்ல நாள் இன்னொண்ணு வராமலா போயிரும்" என்று அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த நாட்களில் அவள் காலனியையே ஒரு சுற்றுச் சுற்றினாள். தோட்டத் தலைவருக்கு உரக்கலவை தெரியும். பாசன நீரில் மெக்னீசியம் வந்துவிடும் என்று அவருடைய பாடத்தில் இருந்தது, அதனால் உரத்தில் சேர்ப்பதில்லை. உணவுத் துறைக்காரருக்குச் சத்துக் கணக்கு தெரியும். அது கீரையிலும் தண்ணீரிலும் வந்துவிடும் என்று அவருடைய பாடத்தில் இருந்தது. மருத்துவர்களோ, அது சாப்பாட்டில் வந்துவிடும் என்று இருந்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக்காரன் விளக்கேற்றுவான் என்று இருந்ததில் தெருவே இருட்டாகக் கிடந்தது. "எங்க துறையில பிழை இல்லம்மா" என்று எல்லாரும் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

எல்லாக் கைகளும் நீட்டிய திசையில் இருந்தது அம்மாவின் தண்ணீர்.

இசக்கி அலைச்சுவர் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். விலக்கு வேண்டுமென்றால் மன்றத்தில், ஊர் பார்க்க, தன் அம்மாவின் தண்ணீரைத்தான் அவள் குற்றம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தலையில் முடி ஏறும், அம்மாவின் கால் இழுத்துக்கொண்டே இருக்கும். அழுகை வந்தது, அழுது முடித்தாள். மன்றத்துக்குப் போகுமுன் அம்மாவிடம்தான் முதலில் சொல்வது என்று தீர்மானம் செய்துகொண்டு எழுந்தாள்.

விலக்கு கேட்டிருந்ததையும் சேர்த்துச் சொன்னதும் வர்ணிகாவின் முகம் சிவந்தது. "என் தண்ணியில குறையா? ஏட்டி, அதுல ஒண்ணுமே கிடையாது! அவ்வளவு சுத்தம்!"

"அதாம்மா குறை. அதுல ஒண்ணுமே இல்ல."

"விலக்குக்காகப் பெத்தவளைக் காட்டிக்குடுக்க நீ?"

இசக்கி நிமிர்ந்து நின்றாள். "நீ அளந்து பாரும்மா. அளந்துட்டு நான் சொல்லுதது தப்புன்னா நீயே சொல்லு, பேசாம உக்காந்து தலையக் குடுக்கேன். எந்தத் துறைன்னாலும் சரி."

வர்ணிகா அன்று நிலையத்துக்குப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. அவளுக்குச் செடி தெரியாது, தசை தெரியாது, மகள் சொன்னதில் பாதி விளங்கவே இல்லை. ஆனால் தண்ணீரை அளக்கத் தெரியும். அளவைப் பொய்யாகச் சொல்லத் தெரியாது. திரும்பி வந்ததும் மாமா கொண்டுவந்த கேனிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

"மெக்னீசியம் சுழி, பூஜ்யம்" என்றாள். "அதை அளந்து பாக்கணும்னே எனக்கு இவ்வளவு நாளாத் தோணல. எடுக்கத்தான் படிச்சேன். எதை விடணும்னு எங்க பாடத்துல இல்ல." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஏட்டி, மன்றத்துக்கு எப்பப் போணும்? நானும் வாரேன்" என்றாள்.

துறை மன்றத்தில் அறுபத்தொரு நாற்காலிகள், கிளைத்துறைகளை எல்லாம் அடக்கிய பெருந்துறைக்கு ஒன்று. தலைவர் ஷெரின் என்ற அம்மையாரின் துறை தேர்வியல். வாழ்க்கையில் தேர்வு நடத்துவதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது, அதைப் பிரமாதமாகச் செய்வார். இசக்கியின் கேள்வியை ஒவ்வொரு நாற்காலியாகச் சுற்றவிட்டார். ஒவ்வொரு நாற்காலியும் "எங்கள் துறையில் பிழை இல்லை" என்று சொல்லி அடுத்ததற்குத் தள்ளியது. கேள்வி ஒரு சுற்றுச் சுற்றி அவரிடமே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு இசக்கி விடையைச் சொன்னாள். வர்ணிகா எழுந்து, "தண்ணியில மெக்னீசியம் சுழி. எடுத்தது நாந்தான்" என்று சாட்சி சொன்னாள். இசக்கிக்கு அம்மாவைப் பார்க்க முடியாமல் கண் நிறைந்தது.

சோதித்துப் பார்க்கலாம் என்று தீர்ப்பாயிற்று. காலனித் தண்ணீரில் மெக்னீசியம் உப்பை அளவாகச் சேர்த்தார்கள். முதலில் எதுவும் நடக்கவில்லை. இசக்கி தினமும் தோட்டத்துக்குப் போய்க் கீரையைப் பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டு திரும்பினாள். பிறகு புதிதாக விட்ட இலைகள் கரும்பச்சையாக வந்தன. அப்புறம் ஒரு நாள், தன் வீட்டில் வெகுநாளாக யாரும் கத்தவில்லை என்பது அப்பாவுக்கு நினைவு வந்தது. பக்கத்து வீட்டிலும் அப்படியே. காலனி முழுவதும் கால் நீட்டித் தூங்கியது.

மன்றம் மறுபடி கூடியபோது பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் வந்திருந்தது. இவ்வளவு தடபுடல் எதற்கு என்று இசக்கிக்குப் புரியவில்லை. விலக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? ஷெரின் அம்மையார் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம்ம அறுபத்தொரு துறையாலயும் முடியாததை இந்தப் பொண்ணு செஞ்சு காட்டியிருக்கா. துறைக்கும் துறைக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்குன்னு இவளாலதான் தெரிஞ்சது. அதனால மன்றம் ஏகமனசா ஒரு முடிவு எடுத்திருக்கு. இணைப்பியல்! அறுபத்திரண்டாவது துறை! அதோட முதல் மாணவி, நம்ம இசக்கி!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. திரையை விலக்கினார்கள். சிவப்புப் பட்டு விரித்த மேசையில் புத்தம்புது ஆழ்முடி மின்னியது.

"விடை சொன்னா விலக்குன்னுதான சட்டம்?" என்றாள் இசக்கி.

"துறை இல்லாதவங்களுக்குத்தான் விலக்கு வேணும். உனக்குத்தான் இப்போ துறை இருக்கே" என்றார் ஷெரின் அம்மையார் ஆசையாக. ஏமாற்றுகிற நினைப்பு அவருக்குத் துளியும் இல்லை. தான் செய்வது பெரிய மரியாதை என்றே நம்பினார்.

முடி செய்த மூளைத் துறை அறிஞர் முன்னால் வந்து விளக்கினார். "உன்கிட்ட ஒரு விஷயத்தை இன்னொண்ணோட சேர்க்கற பாதைகள் அபாரமா இருக்கு. அதை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை எல்லாம் கழிச்சிடுவோம். அப்புறம் பாரு, இணைக்கறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இருக்காது."

"மத்ததுன்னா? பச்சையம், தசை, தண்ணி?"

"அதெல்லாம் வேற வேற துறைம்மா. உனக்கு எதுக்குப் பாரம்?"

"அப்ப எதை எதோட சேக்க?"

அறிஞர் யோசித்தார். "அந்தக் கேள்வி என் துறைக்குள்ள வராது" என்றார்.

"தாய்மாமன் மேடைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி அழைத்தது. நித்தின் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மேலே ஏறினார். பட்டையை அவர் கையில் கொடுத்தார்கள். மேளம் வேகம் பிடித்தது. இசக்கி மாமாவின் கண்ணையே பார்த்தாள், "மாமா, கட்டாதீங்க" என்றாள். மேளச்சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

"நிறுத்துங்க!"

வர்ணிகா நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். மேளக்காரர் பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

"எனக்கு மூளையப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றாள் அவள். "எனக்குத் தெரிஞ்சது தண்ணி மட்டுந்தான். கடல்தண்ணியில இருந்து வேண்டாததை எடுக்கேன் எடுக்கேன்னு எல்லாத்தையும் எடுத்தேன். கடைசியில சுத்தமாத்தான் இருந்துச்சு. விருதும் குடுத்தீங்க. அதைக் குடிச்சு ஊரே நொண்டிச்சு. இப்ப என் மக தலையிலயும் அதே வேலையத்தான் செய்யப் போறீங்க. சட்டியில ஒண்ணும் இல்லாமத் துடைச்சுட்டு அகப்பைக்கு மட்டும் பட்டுக்குஞ்சம் கட்டி என்ன பிரயோசனம்? ஏல நித்தினு, கட்டுன, அப்பறம் இந்த அக்கா மூஞ்சியில முழிக்காத."

இசக்கிக்கு அம்மாவை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாத அம்மா, அந்தத் தண்ணீருக்குள்ளேயே முங்கி இதைக் கண்டெடுத்துவிட்டாள்.

நித்தின் பட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எனக்கு இறக்கைதான் தெரியும்" என்று மன்றத்தைக் கும்பிட்டார். "இறக்கைய வெட்டுனா சுத்தாது. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

மாமன் முடிச்சு இல்லாமல் கருவி ஓடாது என்று சட்டம் எழுதியவர்கள் அன்று அதை நொந்துகொண்டிருப்பார்கள். மாமன் இருக்கும்போது வேறு ஆளை அனுப்பவும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. மன்றத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஒன்றைத் தவிர. இசக்கியின் பெயருக்கு எதிரே 'துறையிலி' என்று பதிந்தார்கள். துறையிலிக்கு வேலை கிடையாது, பதவி கிடையாது, எந்த அலுவலகத்திலும் நாற்காலி கிடையாது. "இருந்துட்டுப் போட்டும்" என்றாள் இசக்கி. வீட்டுக்கு வரும் வழியில் பிளெக்ஸின் காலி இடத்தைப் பார்த்தாள். அது அப்படியே இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது என்று பட்டது.

ஆனால் அறுபத்திரண்டாவது துறை நின்றுவிடவில்லை. பிறந்த பிள்ளையைத் திரும்ப அனுப்ப முடியுமா? ஆறே மாதத்தில் ஊருக்கு ஊர் இணைப்பியல் பயிற்சி மையங்கள் முளைத்தன. எல்லா மையத்தின் பிளெக்ஸிலும் இசக்கியின் படம் இருந்தது, "நீங்களும் இசக்கி ஆகலாம்!" என்று. பிள்ளைகள் வரிசைகட்டி நின்று, மாமன்கள் பட்டை கட்ட, இணைப்பைத் தவிர அத்தனையையும் கழித்துக்கொண்டார்கள். இணைப்புத் துறைக்கென்று அலுவலகம் திறந்தபோது இசக்கி வேலை கேட்டுப் போனாள். வாசலில் இருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார், அவள் படத்தின் கீழே அவளோடு நின்று ஒரு புகைப்படம்கூட எடுத்துக்கொண்டார். பிறகு, "தகுதி இல்லையேம்மா" என்று மிகுந்த வருத்தத்துடன் திருப்பி அனுப்பினார்.

அவள் சோர்ந்து உட்காரவில்லை. கூப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போனாள், கூப்பிடாத இடத்துக்கும் போனாள். சம்பளம் இல்லாத வேலைக்குச் சட்டம் தடை சொல்லவில்லை. அம்மாவின் நிலையத்தில் எதை எடுப்பது என்று வர்ணிகா முடிவு செய்தாள். எதை விடுவது என்று மகளோடு உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்தாள்.

இணைப்பாளர்கள் முழுமூச்சாக இணைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு விஷயங்களைச் சொன்னால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் சேர்த்துவிடுவார்கள். எதைக் கொடுத்தாலும் சேர்த்தார்கள், அதுதான் சங்கடம். சேராது என்று சொல்வதற்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே. அலைத்தடுப்புச் சுவரில் விரிசல் விழுந்ததற்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மணியோசைதான் காரணம் என்று ஒருநாள் அறிக்கை வந்தது. பள்ளி மணிகளைக் கழற்றிவிட்டார்கள்.

"அப்பா, நீங்க சுவரு தெரிஞ்சவங்கல்லா? இது உண்மையான்னு சொல்லக்கூடாதா?" என்று இசக்கி பதறினாள்.

"மணியப் பத்தி எனக்கென்னம்மா தெரியும்? இருந்தாலும் இருக்கும்" என்றார் அப்பா.

மணி தெரிந்தவரும் சுவரைப் பற்றி அதையே சொன்னார். விரிசல் விழுந்ததற்குப் பிறகுதான் அந்தப் பள்ளிக்கூடமே கட்டப்பட்டது என்பதை இசக்கி வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. காலம், சுவர், மணி மூன்றையும் ஒரே தலைக்குள் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். மணிகள் திரும்பி வருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்த வாரம் வேறோர் அறிக்கை வந்தது.

ஐந்து வருடம் கழித்து ஒரு காலை வாசலில் மணியடித்தது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, இணைப்புத் துறையின் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. அவளுக்குப் பின்னால் தெருவோரமாக, அதே வில்லையுடன் அவளுடன் படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் தயங்கி நின்றார்கள்.

"இசக்கி அக்கா நீங்கதான? எம்பேரு மிருதுளா. நாங்க இதுவரைக்கும் எத்தனையோ சேத்துட்டோம் அக்கா. அதுல எது நெசம், எது பொய்னு எங்களுக்குத் தெரிய மாட்டேங்கு. யாருகிட்டக் கேட்டாலும் தெரியலங்காவ. எங்களை நம்பி ஒரு ஆஸ்பத்திரியில மருந்தை மாத்தப் போறாவளாம். பயமா இருக்கு."

தனக்குக் கோபம் வரும் என்றுதான் இசக்கி நினைத்திருந்தாள். வரவில்லை. அந்தத் தலைக்குள் உதிர்ந்துபோனவற்றைத்தான் நினைத்தாள். தன் பெயரைச் சொல்லி உதிர்த்தவை. முற்றத்துச் செடியிலிருந்து ஒரு முருங்கை இணுக்கை ஒடித்து அவள் கையில் கொடுத்தாள்.

"இது என்ன அக்கா?"

"முருங்கை."

"எதோட சேக்கணும்?"

"எதோடயும் சேக்காத. மொதல்ல பாரு. நாளைக்கு வந்து என்ன பாத்தன்னு சொல்லு. அப்பறம் தண்ணியப் பாப்போம், அப்பறம் காலை. ஆஸ்பத்திரிக்கு நான் இப்பவே போறேன்."

மிருதுளா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களும் மெல்ல உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிய இசக்கியை அவள் ஆவலோடு நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க எங்களுக்குச் சொல்லித்தாரது எந்தத் துறை? இதுக்குப் பேரு என்ன? சொன்னா மன்றத்துல எழுதிக் குடுத்துருதோம்."

இசக்கி சட்டென்று திரும்பினாள்.

"பேரு மட்டும் வச்சிராத, தாயி" என்றாள். "வச்சா, நாளைக்கே அதுக்கும் ஒரு முடி செஞ்சுருவாவ."